மீன் தொட்டியும் கொல்லாமை அணுவிரதமும்



இல்லறத்தார்க்கு அருளப்பெற்ற பன்னிரு விரதங்களுள் முதலாவது கொல்லாமை. நம் இல்லங்களில் ஊனுணவு இல்லை. நீரை வடிகட்டிப் பருகும் வழக்கமும், பொழுது சாய்வதற்கு முன் உண்ணும் வழக்கமும் இன்றும் பலரிடம் உண்டு. ஆகவே முதல் விரதத்தில் நமக்குக் குறை ஏதுமில்லை என்று எண்ணி அமைதி கொள்கிறோம். ஆனால் அடுக்களையில் காத்த விரதத்தை வரவேற்பறையில் நழுவ விடலாகாது. புதுவை நகரில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலும் இப்போது கண்ணாடித் தொட்டி வைத்து 'ஆஸ்கர்' என்னும் பெருமீனை வளர்க்கும் ஆர்வம் காணப்படுகிறது. இது விரதத்திற்கு இசைந்ததா என்று அமைதியாக ஆராய்வோம்.

முதலில் அம்மீனை அறிவோம். ஆஸ்கர் நம் நாட்டு மீன் அன்று. தென் அமெரிக்காவில் அமேசான் ஆறும் அதன் கிளைகளும் பாயும் பிரேசில், பெரு, கொலம்பியா ஆகிய நாடுகள் அதன் தாயகம். புதுவையைப் போலவே பிரெஞ்சு ஆட்சியைக் கண்ட கயானாவிலும் அது உண்டு. வாலின் அடியில் செம்மஞ்சள் வளையம் சூழ்ந்த கரும்பொட்டு ஒன்று கண்போல் தோன்றும். 1831இல் இதனை விவரித்த அகாசி என்னும் அறிஞர் சூட்டிய இலத்தீன் பெயரும் 'கண் போன்ற பொட்டுடையது' என்றே பொருள்படும். வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் முதலிய இடங்களில் இரண்டு விரல் அகலமுள்ள குஞ்சாக இது விற்கப்படுகிறது. ஓராண்டிற்குள் ஒரு சாண் நீளத்தை எட்டிவிடும். முழு வளர்ச்சியில் 30 செ.மீ.யையும் கடக்கும். நன்கு பேணினால் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

இம்மீன் தனக்கு உணவிடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே விரைந்து வரும். கையிலிருந்தும் உணவு பெறும். தொட்டியை மாற்றினால் சில நாள் உண்ணாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். தட்டைக் கல்லின்மேல் ஆயிரத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, தாயும் தந்தையும் சேர்ந்து காவல் புரியும். மீன் மனமுடைய ஐம்பொறி உயிர் என்று நம் ஆகமம் கூறுவதை இம்மீனின் ஒவ்வொரு செயலிலும் காணலாம்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலில் கொல்லாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், ஊண் நீரைத் தடுத்தல் என்பன அவை. வண்டி மாட்டையும் பணியாளையும் எண்ணியே இவை கூறப்பட்டன என்று நாம் கருதலாம். மீன் தொட்டியின் முன் நின்று இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

கட்டிவைத்தல்: கடையில் வாங்கும் சாதாரணத் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உடையது. அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 56 லிட்டர். வளர்ந்த ஆஸ்கரின் நீளமும் ஓரடி. தொட்டியின் அகலமும் ஓரடி. உடலை வளைக்காமல் அது திரும்பவும் இயலாது. ஒரே ஒரு மீனுக்குக்கூட நான்கடி நீளமும் 280 லிட்டர் நீரும் வேண்டும் என்று வளர்ப்பவரே கூறுகின்றனர்.

அடித்தல்: குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு நீரில் சேர்கிறது. அது செவுள்களை எரிக்கும். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆஸ்கர் மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிப்பது. வாரந்தோறும் கால்பங்கு நீரையாவது மாற்றாவிட்டால், கையில் கோலெடுக்காமலேயே அதனை நாள்தோறும் வருத்துகிறோம்.

சிதைத்தல்: சிறிய இடத்தில் இரண்டு ஆஸ்கர்களை விட்டால் எல்லைக்காகப் போரிட்டு, வாயையும் துடுப்பையும் கிழித்துக்கொள்ளும். நீர் கெட்டு உணவும் குறைபட்டால் தலையில் குழிகள் விழும் நோயும் காணும்.

மிகுபாரம்: 2011 டிசம்பரில் தானே புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் புதுவையில் மின்சாரம் நின்றதை நாம் அறிவோம். நமக்கு விளக்கு அணைந்தது; தொட்டி மீனுக்கோ மூச்சே தடைப்படும். ஆற்றில் பிறந்த உயிரின் மூச்சை ஒரு மின்கம்பியின்மேல் ஏற்றி வைப்பதைவிட மிகுபாரம் வேறு உண்டோ?

ஐந்தாவது, ஊண் தடுத்தல். இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. ஆஸ்கர் இயல்பாகச் சிறு மீன், பூச்சி, நத்தை, இறால் ஆகியவற்றைத் தின்பது. தோல் நீக்கி வேகவைத்த பட்டாணியைச் சில ஆஸ்கர்கள் ஏற்கும். எனினும் அது முழு உணவாகாது. நம் அறத்தை எண்ணிச் சோறும் ரொட்டியும் மட்டுமே இட்டால் அது மெலிந்து நோயுறும். அது ஊண் தடுத்தலாகும். அதன் இயல்புக்கேற்ப உயிருள்ள மீனை இட்டால் அது கொலை. உணவு கொடுத்தாலும் விரதத்திற்கு ஊறு, கொடாவிட்டாலும் ஊறு. ஊனுண்ணும் உயிர்களை வளர்ப்பதை ஆன்றோர் பயனில் தீவினையாகிய அனர்த்த தண்டத்துள் வைத்தது இதனால் அன்றோ? மீனின்மேல் குற்றமில்லை, அதன் பிறவி அத்தகையது. அதனை விலைகொடுத்து அழைத்து வந்தவர் நாம்.

கடையில் வாங்கும் கப்பி மீன்களைத் தொட்டியில் விட்டு, ஆஸ்கர் பாய்ந்து விழுங்குவதைப் பிள்ளைகள் கைதட்டிக் காண்பதுண்டு. தொழிலிலும் சமையலிலும் தவிர்க்க இயலாது நேரும் இம்சையை இல்லறத்தான் குறைக்கலாம். முற்றும் விடல் அரிது. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப இம்சையை அவன் முற்றும் விட்டாக வேண்டும். உயிரோடு வாங்கி உயிரோடு இடுவது சங்கல்ப இம்சையே. செய்தலும் செய்வித்தலும் உடன்பட்டு மகிழ்தலும் வினையைக் கட்டும் என்பது நம் கோட்பாடு.

தண்டுல மச்சத்தின் கதை நினைவிருக்கிறதா? கடைசிக் கடலாகிய சுயம்பூரமணத்தில் பெருமீன் ஒன்று வாய் திறந்து உறங்க, சிறு மீன்கள் உள்ளே சென்று வெளியேறிக்கொண்டிருந்தன. அதன் செவியில் வாழ்ந்த அரிசியளவு மீன், 'இவ்வுடல் எனக்கிருந்தால் ஒன்றையும் தப்பவிடேன்' என்று எண்ணிற்று. அது ஒரு மீனையும் கொல்லவில்லை. அவ்வெண்ணத்தாலேயே ஏழாம் நரகம் புகுந்தது. தொட்டியின் முன் கைதட்டும் பிள்ளையின் உள்ளத்தில் எவ்விதை விழுகிறது என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

'அடைக்கப்பட்ட மீனைப் பார்த்தால் மனம் அமைதியுறுகிறது' என்பர் சிலர். தம் மணவிருந்திற்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, மணமாலையைத் துறந்து, ஊர்ஜயந்தகிரி நோக்கி நடந்தவர் நேமிநாத பகவான். போளூரை அடுத்த திருமலையில் அப்பெருமானின் திருமுன் கைகூப்பும் நாம், இல்லம் திரும்பி அடைபட்ட உயிரைக் கண்டு மகிழ்வது பொருந்துமா?

இனி, ஏற்கெனவே வளர்ப்பவர் செய்யத்தக்கன யாவை? அதனை ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ விடுவது ஜீவதயை என்று எண்ணலாகாது. அயல்நாட்டு ஊனுண்ணி நம் நீர்நிலையில் பெருகினால் அங்குள்ள சிறு மீன்களின் குஞ்சுகள் அழியும். அமெரிக்காவின் தென் புளோரிடாவில் ஆஸ்கர் அவ்வாறே நிலைபெற்றுவிட்டது. 2018 கேரள வெள்ளத்திற்குப் பின், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் அமேசான் பெருமீன் சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது. ஓர் உயிரை விடுவிக்க ஆயிரம் உயிர்களைப் பலியிடுவது தயையன்று.

ஆகவே வந்துவிட்ட உயிரை அதன் ஆயுள் முடியும்வரை காப்பதே கடன். போதிய பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். இயலாதவர், அத்தகைய தொட்டியுடைய நல்லவரிடம் ஒப்படையுங்கள். குளோரின் நீக்கிய நீரை வாரந்தோறும் மாற்றுங்கள். மின்தடைக்கு மின்கலக் காற்றுக்கருவி வைத்திருங்கள். உயிருள்ள இரையை இன்றே நிறுத்தி, உருண்டை உணவுக்குப் பழக்குங்கள். அதிலும் பெரும்பாலும் மீன்தூள் கலந்திருக்கும். குறை முற்றும் நீங்கவில்லை. அக்குறையை உணர்ந்து, 'இதற்குப் பின் வேறொன்றை வாங்கேன்' என்று உறுதி கொள்ளுங்கள்.

சிறு விரதமாயிற்றே என்று தயங்க வேண்டா. மிருகசேனன் என்னும் மீனவன், வலையில் விழும் முதல் மீனைக் கொல்லேன் என்று முனிவரிடம் விரதம் ஏற்றான். முதலில் கிட்டிய மீனுக்குத் துணித்துண்டால் அடையாளம் கட்டி விடுத்தான். அன்று ஐந்து முறையும் அதே மீன் வர, ஐந்து முறையும் விடுத்து வெறுங்கையுடன் இல்லம் திரும்பினான். அவ்வறம் மறுபிறவியில் ஐந்து முறை அவனைச் சாவினின்று காத்தது. மீன் பிடித்து வாழ்ந்தவனுக்கே அது கூடிற்று என்றால், நமக்குக் கூடாதா?

பிள்ளைகளுக்கு உயிர்களைக் காட்ட வேண்டாவா என்று கேட்பீர். கட்டாயம் காட்டுங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கரையோரம் திரியும் கெண்டைக் குஞ்சுகளையும், குளிர்காலத்தில் வரும் பறவைகளையும் தொலைவில் நின்று காணச் செய்யுங்கள். பிடிக்காமலும் அடைக்காமலும் பார்த்து மகிழக் கற்ற பிள்ளை, அபரிக்கிரகத்தின் முதற்படியில் கால் வைத்துவிடுகிறது.

வரும் தசலட்சண பர்வத்தில், ஊனுண்ணும் உயிரை விலைக்கு வாங்கேன் என்னும் நியமத்தைக் குடும்பத்தோடு ஏற்போமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!