முத்திரையும் மெய்ம்மையும்

ஒரு பொருள் ‘உண்மையானது’ என நாம் கூறும்போது யாது கூறுகின்றோம்? அதன் உலோகம் தூயது என்கின்றோமா? அது பழையது என்கின்றோமா? அன்றி, அது தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி மெய் என்கின்றோமா? பெரும்பாலான பொருட்களில் இம்மூன்றும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால் இவ்வினா எழுவதில்லை. இவை தம்முட் பிரிந்து நிற்கும் இடத்திலேயே அது அறவியல் வினாவாகின்றது. அத்தகைய இடமொன்றைச் சீன ஏற்றுமதி வெள்ளிப் பொருட்கள் நமக்குக் காட்டுகின்றன.

1757 முதல் 1842 வரை சீனத்துடனான மேனாட்டுக் கடல் வாணிகம் கன்ரன் துறைமுகம் ஒன்றுக்கே வரையறுக்கப்பட்டிருந்தது. தேயிலையும் பட்டும் பீங்கானும் கொள்ள வந்த பிரித்தானிய, அமெரிக்க வணிகரும் கப்பற்றலைவரும் அந்நகர் வெள்ளிக் கம்மியரிடம் கரண்டி, தேநீர்க் கலம், கிண்ணம் முதலியவற்றை மேனாட்டுப் பாணியிற் செய்வித்துச் சென்றனர். ஸ்பானிய டொலர் நாணயங்களை உருக்கிப் பெற்ற வெள்ளி இவற்றுக்குப் பெரிதும் பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தழைக்கத் தொடங்கிய இத்தொழில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நிலைத்தது.

இங்கிலாந்தில் வெள்ளிப் பொருளின் மீதுள்ள முத்திரை சட்டத்தின் வாக்காகும். நடைபோடும் சிங்கம், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி உண்டு என்பதைக் குறித்தது. சிறுத்தைத் தலை, இலண்டனிற் சோதிக்கப்பட்டமையைக் குறித்தது. 1784 தொடக்கம் 1890 வரை இடப்பட்ட மன்னர் தலை, வரி செலுத்தப்பட்டமையைக் குறித்தது. கன்ரன் கம்மியரிற் பலர் பொருளின் வடிவத்தோடு இம்முத்திரைகளையும் படியெடுத்தனர். கன்ரனிலோ இங்கிலாந்தின் சோதனைச்சாலையும் இல்லை. பிரித்தானிய மன்னருக்குரிய வரியும் இல்லை. எனவே அச்சிங்கம் எதற்கும் சாட்சியன்று. ஆயினும், பிற்காலத்தில் இம்முத்திரைகளை நம்பியோர் இப்பொருட்களை ஆங்கில நாட்டினவாகவோ அமெரிக்க நாட்டினவாகவோ கொண்டனர். ஃபோர்ப்ஸ், கேணன், வில்கின்ஸ் ஆகிய மூவரும் 1975இல் வெளியிட்ட ‘சீன ஏற்றுமதி வெள்ளி: 1785–1885’ என்னும் நூல் இக்குழப்பத்தைப் பெரிதும் அகற்றிற்று. இன்றோ நிலை தலைகீழாகியுள்ளது. அன்று பொய் சொன்ன அதே முத்திரை, வடிவிற் சற்றுப் பிசகிய அதே சிங்கம், அப்பொருள் மெய்யான கன்ரன் வெள்ளி என்பதற்குச் சான்றுகளுள் ஒன்றாகின்றது.

அங்ஙனமாயின் அக்கம்மியன் வஞ்சகனா? எதிரே நின்று வாங்கியவன் தான் கன்ரனில் வாங்குவதை நன்கறிவான். இருவரும் அறிந்த ஒன்றில் வஞ்சம் இல்லை. பொருள் பலர் கைமாறிய பின்னர், அதனை இலண்டன் வெள்ளியென அறிந்தே விற்றவனது வாயிலேதான் பொய் பிறந்தது. முத்திரை அப்பொய்க்கு வாய்ப்பளித்தது என்று வாதிடலாம். வாய்ப்பளித்தது உண்மையே, ஆயின் வாய்ப்பு வேறு, வஞ்சம் வேறு. இன்று பழைய கிண்ணமொன்றினை அச்சாகக் கொண்டு புதியதை வார்த்து, பழையதென விற்பவனும் அதே சிங்கத்தையே பொறிக்கின்றான். செயல் ஒன்றாகத் தோன்றினும், வாங்குவோன் எதனை அறியக்கூடாதோ அதனை மறைப்பதே இவன் நோக்கம். ஆகவே மெய்யும் பொய்யும் உலோகத்தில் உறைவனவல்ல. அதனைக் குறித்து ஒருவர் மற்றவருக்குக் கூறும் கூற்றில் உறைவன.

இனி, அக்கூற்றை எவ்வாறு சோதிப்பது? காட்சி, கருதல், உரை எனச் சைவ சித்தாந்திகள் கொண்ட மூவகை அளவைகளும் இவ்விடத்து நன்கு பொருந்துகின்றன. காட்சி கண்ணாலும் கையாலும் பெறுவது. உளியால் அடித்துப் பொறித்த முத்திரையின் விளிம்பு கூர்மையாயிருக்கும். வார்ப்பிற் படிந்த முத்திரை மழுங்கி, நுண்குழிகளுடன் காணப்படும். இரு பொருட்களில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருப்பின் அவை ஒரே அச்சிற் பிறந்தவை என ஐயுறல் தகும். தேய்மானமும் கைபடும் இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

கருதலுக்கு இன்று எக்ஸ் கதிர்க் கருவி துணைநிற்கின்றது. பழைய வெள்ளியிற் பொன்னும் ஈயமும் சிற்றளவிற் கலந்திருப்பது வழக்கம். அவை அறவே இல்லையெனின், அது பிற்காலத்து மின்பகுப்பு முறையாற் சுத்திகரிக்கப்பட்டதென ஊகிக்கலாம். ஆனால் பழைய நாணயத்தை இன்று உருக்கிச் செய்த பொருளை இக்கருவி மட்டும் காட்டிக்கொடாது. உரையென்பது முத்திரையும், பொறித்த வாசகமும், உடைமை வரலாறும் ஆகும். மூன்றனுள் எளிதிற் புனையத்தக்கது இதுவே. பாண்டியன் பொற்கொல்லனது உரையை ஏற்று, சிலம்பின் பரலைக் காணுமுன்னரே கோவலனைக் கொல்வித்தான். சோதனை என்பது பொருளுக்குரியவனுக்காக மட்டும் செய்யப்படுவதன்று என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

யாருக்காகச் சோதிக்கின்றோம் என்பதே இங்கு முதன்மையான வினா. விலை கொடுப்பவனுக்காக என்பது சந்தையின் விடை. ‘வெள்ளி வெள்ளிதானே, அழகு அழகுதானே, எவன் செய்தால் என்ன?’ என்று கேட்போரும் உளர். எடைக்கு விற்பதாயின் அவ்வாதம் செல்லும். ஆனால் பொத்தோசியிலும் மெக்சிக்கோவிலும் வெட்டியெடுக்கப்பட்ட வெள்ளியைக் கிண்ணமாக்கியது ஒருவனது கைத்திறன். அதனை இலண்டன் வினைஞன் ஒருவனுடையதெனக் கூறும்போது வாங்குவோனின் பணம் மட்டுமன்றி, செய்தோனின் உழைப்பும் களவாடப்படுகின்றது.

பிற்காலப் பொருட்கள் இதனை இன்னுந் தெளிவாக்குகின்றன. அவற்றிற் பலவற்றில் விற்பனையாளரின் ஆங்கில முதலெழுத்துக்களோடு, செய்த பட்டறைக்குரிய சீன எழுத்துப் பொறியும் காணப்படும். ‘90’ என்னும் எண் 1000க்கு 900 பங்கு வெள்ளியைக் குறிப்பது. அதற்கும் பிணை விற்பவரின் சொல்லே. கன்ரனிலும் ஹொங்கொங்கிலும் கடை வைத்திருந்த வாங் ஹிங்கின் பெயரைச் சேகரிப்போர் நன்கறிவர். பக்கத்தில் நிற்கும் சீன எழுத்தையோ, வாசிக்க அறியாமையாற் பலர் கடந்து செல்கின்றனர். வாசிக்கக்கூடிய பெயரை மட்டும் மெய்யெனக் கொள்வது அரைகுறைச் சோதனையாகும்.

ஆகவே, பழம்பொருளின் மெய்ம்மையைத் துணிதல் வெறும் தொழில்நுட்பம் அன்று. இறந்துபோன ஒருவருக்குரியதை அவருக்கே உரியதெனச் சொல்லும் அறச்செயலாகும். அப்பெயரை அறிய இயலாதவிடத்து, ‘கன்ரன், 19ஆம் நூற்றாண்டு, செய்தவர் அறியப்படவில்லை’ என எழுதுவதே நேர்மை. புகழ்பெற்ற பெயரொன்றை அவ்விடத்தில் எழுதினால் விலை உயரலாம். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால், பின்வரும் ஆய்வாளர் ஒருவர் அப்பட்டறையின் பொறியை வாசித்து, உரியவரின் பெயரை அங்கே எழுத இடமிருக்கும்.