பங்கெடாமையின் அறம்

ஒரு தீமை தன் ஒருவனது மறுப்பினால் நின்றுவிடாது என்பதை நன்கறிந்தும் அதிற் பங்குகொள்ள மறுப்பவனின் செயலுக்குப் பொருள் உண்டா? அவன் விட்ட இடத்தை நிரப்ப இன்னொருவன் ஆயத்தமாக நிற்கையில், அவன் காத்தது அறத்தையா, தன் மன அமைதியை மட்டுமா? வேல்ஸ் நாட்டு றக்பி வீரர் ஜோன் ரெயிலர் இவ்வினாவை ஏட்டிலன்றித் தம் வாழ்விலேயே எதிர்கொண்டார்.

ரெயிலர் தொடக்கத்திலேயே மறுத்தவரல்லர். பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணியோடு 1968 இல் தென்னாபிரிக்கா சென்றவர் அவர். அங்கே நிறவொதுக்கலைக் கண்ணாரக் கண்டார். அந்நாட்டின் தேசிய அணி அன்று வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. 1981 இல் எரல் ரொபியாஸ் களமிறங்கும்வரை அதுவே நிலை. போகாமலே வெறுப்பது எளிது. விருந்தினனாக உபசரிக்கப்பட்ட பின்னர் அவ்விருந்தை வேண்டாமென்பது எளிதன்று.

1969 இன் இறுதியில் தென்னாபிரிக்க அணி பிரித்தானியாவுக்கு வந்தது. சென்றவிடமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சுவான்சியில் ஆர்ப்பாட்டக்காரர் பலர் காயமுற்றனர். 1970 ஜனவரி 24 இல் கார்டிவ் நகரில் வேல்ஸ் அணி அவர்களை எதிர்கொண்டபோது, ரெயிலர் ஆட மறுத்து விலகி நின்றார். போட்டி நிற்கவில்லை. சேற்றில் நடந்த அவ்வாட்டம் 6–6 எனச் சமநிலையில் முடிந்தது.

அவர் இழக்கத் துணிந்தது எதனை என்பதை இங்கே நினைத்தல் வேண்டும். 1995 வரை றக்பி ஊதியமற்ற விளையாட்டு. நாட்டின் செஞ்சட்டையை அணியும் பெருமையே வீரனின் ஊதியம். அதனையே அவர் ஈடுவைத்தார்.

“நீ ஆடாவிடின் மற்றொருவன் ஆடுவான்” என்பது உண்மையே. ஆயின் எந்தக் கொடுமையும் இவ்வுண்மையை நம்பியே நடைபெறுகின்றது. காவலனும் எழுதுவினைஞனும் இதையே கூறித் தத்தம் வேலையைத் தொடர்வர். மேலும், ஒருவர் மறுத்தபின் எஞ்சியோர் நிலையும் மாறிவிடுகின்றது. அதுவரை ஆடியவர்கள் ‘வேறு வழியில்லை’ என ஆறுதல் கொள்ளலாம். ரெயிலருக்குப் பின்னர் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. ஆடியவர் அனைவரும் ஆடுவதெனத் தீர்மானித்தவராகின்றனர். மறுப்பின் பயனைப் போட்டியின் முடிவில் தேடுவோர் இதனைக் காண்பதில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை வேறாயிற்று. 1971 இல் எடின்பரோ நகரில் ஸ்கொத்லாந்துக்கு எதிராக 18–17 என வேல்ஸ் பின்னின்ற இறுதிக் கணத்தில், ஓரக்கோட்டின் அருகிலிருந்து இடக்காலால் ரெயிலர் உதைத்த பந்து வெற்றியைத் தந்தது. அவ்வாண்டில் வேல்ஸ் எல்லாப் போட்டிகளிலும் வென்றது. நியூசிலாந்தில் தொடரை வென்ற லயன்ஸ் அணியிலும் அவர் நான்கு பெரும்போட்டிகளிலும் ஆடினார். அந்த உதையைப் பாராட்டியோர் எல்லோரும் அவரது மறுப்பையும் ஏற்றனர் எனக் கொள்வதற்கில்லை. புகழ் வேறு, உடன்பாடு வேறு.

1974 இல் லயன்ஸ் மீண்டும் தென்னாபிரிக்கா சென்றபோது ரெயிலர் மீண்டும் மறுத்தார். கரெத் எட்வேட்ஸ் முதலிய தோழர்கள் சென்றனர். 22 போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்கவில்லை. மைதானங்களில் தனியே ஒதுக்கப்பட்ட பகுதிகளிலிருந்த கறுப்பின மக்கள், தம்மை ஆண்டோர் தோற்பதைக் கண்டு வந்தவர்களுக்காக ஆர்ப்பரித்தனர். அந்த வேலி மறுநாளும் அங்கேயே நின்றது. ஆயினும் அம்மக்கள் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. ரெயிலரின் பக்கம் நின்று வாதிடுவோர் அதற்கும் விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.