முதியோர் பிணியும் நமது கடனும்

அறமாவது யாவர்க்கும் ஒருபடித்தாய் அளித்தலோ, அன்றி அவரவர் இயலாமை நோக்கி அளித்தலோ என்னும் வினா, ஏட்டளவில் ஆராய்தற்கே உரியதென்று முன்னர் எண்ணியிருந்தோம். களனி கங்கைக்கு அப்பாலுள்ள பேலியகொடையில் நாம் கண்ட ஒன்று, அதனை நம் வீட்டு வாயிலிற் கொணர்ந்து நிறுத்திற்று.

நம் அயலில் எழுபத்தெட்டு வயதுடைய மூதாட்டியார் ஒருவர் உளர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர். மாதந்தோறும் அரசினர் வைத்தியசாலைக் கிளினிக்கிற்குச் சென்று மருந்து பெறவேண்டியவர். மூன்று மாதஞ் செல்லாதிருந்து, காலிற் புண் முற்றிய பின்னரே செய்தி நமக்கு எட்டியது. உடனே அவர் மகனாரை அழைத்து, பெற்றோரைப் பேணாதார் எய்தும் பாவத்தை விரித்துரைத்தோம். உபாத்தியாயர்க்கு அஃது எளிய தொழிலன்றோ! தலை கவிழ்ந்து கேட்டிருந்த அவர், "ஐயா, விடிய நாலரைக்குப் போனால்தான் நம்பர் கிடைக்கும். சந்தையில் எனக்கு வேலையும் அந்த நேரந்தான். அம்மாவுக்கு மருந்து எடுக்கிற நாளில் பிள்ளைகளுக்குச் சோறில்லை" என்றார். அவர் பேலியகொடை மீன் சந்தையிற் பெட்டி சுமப்பவர். நாம் விடை காணாது நின்றோம்.

இலங்கையில் அரசினர் வைத்தியசாலைக் கட்டணம் 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. செல்வ நாடுகள் சிலவும் எய்தாத பேறு இது. இதனைக் குறை கூற நாம் துணியோம். ஆயினும் மருந்துக்கு விலையில்லையெனினும், மருந்துள்ள இடத்தை அடைதற்கு விலையுண்டு. முச்சக்கர வண்டிக்கூலியும், உடன் செல்வோரது ஒருநாட் சம்பளமும், நெடுநேரம் நிற்கும் கால்களின் நோவும் அவ்விலையாம். பொருளுடையார் மாலையிலே தனியார் வைத்தியசாலையிற் பெரும்பாலும் அவ்வைத்தியரையே கண்டு மீள்வர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்து அருகியபொழுது, வெளியே வாங்குமாறு எழுதிய துண்டோடு வறிதே வீடு திரும்பிய முதியோர் பலர்.

இக்குறை வளருமேயன்றிக் குறையாது. அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் உடையார், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நூற்றுக்கு 7.9 ஆக இருந்தனர், 2024இல் 12.6 ஆயினர்.

பெற்றோரைப் பேணல் பிள்ளைகள் கடன்; அரசினரும் ஊராரும் இதிற் புகுவதேன் என்பார் உளர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோரைப் புறக்கணித்தலாகாதென்று பிள்ளைகளைக் கட்டுப்படுத்துகின்றது. நன்று. ஆனால் மனமுண்டாயிருந்தும் கையிற் பொழுதில்லாதாரைச் சட்டம் என் செய்யும்? வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்திருக்கும் பெற்றோர்க்குக் கனடாவிலிருந்து பணம் வரும். தாங்குதற்குக் கை வாராது. பேலியகொடையிலோ கை அருகிலுண்டு. அது கூலிக்குக் கட்டுண்டிருக்கின்றது.

மொழியாலும் ஓர் இடருண்டு. மூதாட்டியாரின் மருந்துறையில் எழுதியது அவர் அறியாத மொழி. இரவு மாத்திரையைக் காலையில் உட்கொண்டு ஒருநாள் மயங்கி விழுந்தார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. மருந்துறை அதனை இன்னும் அறிந்திலது போலும். நாம் மிஷன் பாடசாலையிற் கற்றவர். அவர்தம் மதபோதனையோடு நமக்குள்ள மாறுபாட்டை இப்பத்திரிகை படிப்போர் அறிவர். எனினும் மெய்யை மறைத்தலாகாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்தியந் தொடங்கி, பின்னர் தமிழிலேயே மாணாக்கர்க்கு அதனைக் கற்பித்து, தமிழில் வைத்திய நூல்களும் வெளியிட்டார். நோயாளியின் நாவறிந்த மொழியிற் பேசுதல் வைத்தியத்தின் ஒரு பகுதியென்று அவர் கண்டார். அவ்வளவில் அவர் நமக்கும் ஆசிரியரே.

திருநாவுக்கரசு நாயனார் முதுமையிற் கயிலைக்கு நடந்தமையை மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் சொல்கின்றோம். பாதம் தேய்ந்தது, கைகளால் ஊன்றினார், மார்பினால் உந்தினார், பின்னர்ப் புரண்டார். அவரது மனத்திண்மையையே நாம் வியந்து கூறிவந்தோம். இறைவர் செய்ததென்ன என்பதை ஊன்றி நோக்கினோமில்லை. நடக்கமாட்டாத முதியவரை இன்னும் நடவென்றாரல்லர். கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலே காட்டினார்.

இஃது இயலாததோ? 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களிற் கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால் வழியே வீடு தேடி வந்தன. நோய்க்கு அஞ்சிச் செய்ததை அறத்திற்கு அஞ்சிச் செய்தலாகாதோ? அரசினர்க்கு இதனை எழுதியிருக்கின்றோம். விடை வருங்காறும் மூதாட்டியார் காத்திருத்தல் இயலாது.

நாம் விடுமுறை பெற்றால் நம் சம்பளம் குறைவதில்லை. அவர் மகனார்க்குக் குறைகின்றது. ஆதலின் நாமும் நண்பராகிய மற்றோர் ஆசிரியரும் முறைவைத்து அவரை அழைத்துச் செல்கின்றோம். மேல்வகுப்பு மாணவி ஒருத்தி, மருந்தாளரிடம் கேட்டு, உறைதோறும் "காலை", "இரவு" என்று தமிழில் எழுதிக்கொடுக்கின்றாள். புண் மெல்ல ஆறிவருகின்றது. இப்பொழுது அத்தெருவில் இன்னும் மூவர் கேட்டிருக்கின்றனர். ஆசிரியர் இருவரே உள்ளோம். காலை நாலரை மணிக்கு எழக்கூடியவர் இன்னும் இருவர் வேண்டும்.