சீட்டில் பெயர் எழுதும் சிறுமி

அப்பாவின் நூலகம் வீட்டின் நிலவறையில் இருக்கிறது. அங்கே ஏதோ சத்தம். நாலாம் வகுப்புப் படிக்கும் சகுரா கினோமோட்டோ இறங்கிப் போய்ப் பார்க்கிறாள். சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் கிடைக்கிறது. திறந்தால் உள்ளே தாள்கள் இல்லை, சீட்டுகள்தான். மேலே இருந்த சீட்டின் பெயரை வாய்விட்டுப் படிக்கிறாள். அது காற்றுச் சீட்டு. வீசிய காற்றில் மற்ற சீட்டுகளெல்லாம் ஊர் முழுக்கப் பறந்துவிடுகின்றன. காவலுக்கு இருக்க வேண்டிய கெரோ தூங்கிப்போயிருந்தது. புத்தகம் நெடுநாள் ஒசாகாவில் கிடந்ததாம். அதனால் கெரோ பேசுவதெல்லாம் அந்த வட்டாரப் பேச்சு. இனிப்பு என்றால் உயிர்.

'கார்ட்கேப்டர் சகுரா' இப்படித்தான் தொடங்குகிறது. தான் சிதறவிட்டதைத் தானே பொறுக்கியெடுக்கிற ஒரு பெண்ணின் கதை. ஒவ்வொரு சீட்டையும் அடக்கியபின் அதன்மேல் தன் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது விதி. எழுபது பகுதிகள் ஓடிய தொடரில் வில்லன் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

*

ஜப்பானிய மந்திரச் சிறுமிகளின் வரிசை 1966-இல், டோயே நிறுவனத்தின் 'மந்திரக்காரி சாலி'யோடு தொடங்குகிறது. 1992-இல் 'சைலர் மூன்' வந்து ஐந்து பேர் அணியையும் போரையும் கொண்டுவந்தது. இந்த வகையில் ஒரு சடங்கு உண்டு: பெண் சுழல்வாள், ஒளி பாயும், பள்ளிச் சீருடை மறைந்து போருடை வரும். அதே படச்சுருளை வாராவாரம் திருப்பிப் போடலாம், வரைவோருக்கு மிச்சம்.

சகுராவுக்கு அந்தச் சுழற்சி கிடையாது. தோழி டொமோயோ தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு போகிறாள். தனிச்சிறப்பான வேலைக்குத் தனிச்சிறப்பான உடை வேண்டும் என்பது டொமோயோவின் கட்சி. தொப்பி, சிறகு, மணி என்று ஒவ்வொரு தடவையும் வேறு உடை. அதோடு கையில் வீடியோ கேமரா. ஆபத்தின் நடுவிலும் கோணம் பார்த்துப் படம் பிடிப்பாள். சிரிப்புக்காக வைத்ததுதான். ஆனால் மந்திரம் தராத ஒன்றை ஒரு பத்து வயதுக்காரி ஊசி நூலால் தருகிறாள் என்பதைப் பார்க்கப் பார்க்க, தொடரின் அச்சே அங்கிருப்பதாகத் தோன்றுகிறது.

ஓரிடத்தில் டொமோயோ, உன்னை எனக்கு மிகவும் பிடிக்கும் என்கிறாள். எனக்கும்தான் என்று சகுரா வெள்ளந்தியாகச் சொல்கிறாள். நான் சொல்வது கொஞ்சம் வேறு, பெரியவளானதும் சொல்கிறேன் என்று டொமோயோ சிரித்து நகர்ந்துவிடுகிறாள். தான் நேசிப்பவர் சந்தோஷமாக இருந்தால் போதும் என்பது அவள் நிலை. தொடர் அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

*

படைத்தவர்கள் க்ளாம்ப். நான்கு பெண்கள் கொண்ட குழு. கோடன்ஷாவின் 'நகாயோஷி' என்ற சிறுமியர் இதழில் 1996 முதல் 2000 வரை மாங்காவாக வந்தது, 12 தொகுதிகள். அதை மேட்ஹவுஸ் அனிமேவாக்க, மோரியோ அசாகா இயக்கத்தில் 1998 ஏப்ரலில் என்.எச்.கே.யின் செயற்கைக்கோள் அலைவரிசையில் ஒளிபரப்பு தொடங்கியது. மாங்காவில் 19 சீட்டுகள்தான். தொடருக்கு அது போதாது, 52 ஆக்கினார்கள். ஹாங்காங்கிலிருந்து வரும் மெய்லின் என்ற பெண்ணும் அனிமேக்காகவே பிறந்தவள். இப்படி நீட்டினால் பொதுவாக நீர்த்துப்போகும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், க்ளாம்பின் எழுத்தாளரான நானாசே ஓகாவாவே திரைக்கதையில் உட்கார்ந்திருந்தது என்று நினைக்கிறேன்.

*

சகுராவின் வீட்டை மறுபடி மறுபடி பார்க்கலாம். அம்மா நதேஷிகோ, சகுராவுக்கு மூன்று வயதில் இறந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் அவர் படம். காலையில் சகுரா முதலில் அந்தப் படத்துக்கு வணக்கம் சொல்வாள். அப்பா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர், நன்றாகச் சமைப்பார். இன்று யார் சமையல், யார் சுத்தம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா, அண்ணன், சகுரா மூன்று பேருக்கும் முறை உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை சகுராவின் தலையில். அன்று பார்த்து மழைச் சீட்டும் மரச் சீட்டும் நிலவறையில் சேர்ந்துவிடுகின்றன. மழை ஊற்ற ஊற்ற மரம் வளர்ந்து கிளைகள் மாடிப்படி ஏறுகின்றன. மழை குறும்புக்காரப் பொடியன். அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மரம் சாதுவானது, எதிர்ப்பே காட்டாமல் அடங்குகிறது. சீட்டுக்குச் சீட்டு குணம் வேறு. முதலில் அந்தக் குணத்தைக் கண்டுகொள்ள வேண்டும். கோலை வீசுவது அதற்கப்புறம். யோசித்துப் பார்த்தால் முதல் பாதி முழுக்க அடுத்தவர் சுபாவத்தைப் படிக்கும் பயிற்சி.

*

கண்ணாடிச் சீட்டு. அது சகுராவின் உருவத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் டோயாவை ஏமாற்றிக் காட்டுக்கு அழைத்துப் போகிறது. டோயாவுக்கு அடி படுகிறது. இது தங்கை அல்ல என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். ஏதோ கஷ்டத்தில் இருக்கிற பிள்ளை என்று கூடவே போனான், அவ்வளவுதான். பின்னொரு சமயம் அதே கண்ணாடி, சகுராவுக்குப் பதிலாக வீட்டில் இருக்க நேர்கிறது. இப்போதும் டோயாவுக்குத் தெரிகிறது. அவளுக்கென்று ரிப்பன் வாங்கித் தருகிறான். அதற்குப் பிறகு அந்தச் சீட்டு உருவெடுக்கும்போது தலையில் ரிப்பன் இருக்கும்.

*

முதல் பாதியின் முடிவில் யுவே என்னும் காவலன் வருகிறான், சகுரா தகுதியானவளா என்று தீர்ப்பளிக்க. தோற்றால் இந்த உலகத்துக்கு ஒரு பேரிடர் வரும் என்று கெரோ முன்பே எச்சரித்திருக்கிறது. எரிமலையோ வெள்ளமோ என்று எதிர்பார்ப்போம். எதுவும் வராது. சீட்டுகளோடு தொடர்பு கொண்ட எல்லாரும், தாம் மிக நேசிப்பவர் மீது வைத்த அன்பை மறந்துவிடுவார்கள். இதுதான் பேரிடர். ஊர் அப்படியே இருக்கும், ஆட்களும் இருப்பார்கள். டோயா அண்ணனாகவே இருப்பான். டொமோயோ பள்ளிக்கு வருவாள், தைக்க மாட்டாள்.

பேரிடரின் அளவை இப்படி வைத்தபின் பலகையில் எழுதிய வேலைப் பட்டியலும் ரிப்பனும் சில்லறை விஷயங்களாக இருக்க முடியாது. எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம் இது.

*

யுகிட்டோ, அண்ணனின் நண்பன். சகுராவுக்கு அவன்மேல் உயிர். கடைசியில் ஒரு நாள் சொல்லிவிடுகிறாள். அவன் ஒரு கேள்வி கேட்கிறான்: அப்பா மேல் உனக்கிருக்கும் பிரியமும் இதுவும் ஒரே மாதிரி இருக்கிறதா? அவள் யோசிக்கிறாள். ஒரே மாதிரிதான், கொஞ்சம்தான் வேறு. உனக்கு மிகவும் பிடித்தவர் நான் அல்ல, அப்படி ஒருவர் உனக்குக் கிடைப்பார் என்கிறான். குழந்தைகள் தொடரில் மறுப்பு இவ்வளவு மரியாதையாக நடந்து நான் பார்த்ததில்லை. பிறகு அவள் வகுப்புத் தோழன் ஷியாவோலாங்கிடம் போய் அழுகிறாள். அவளை விரும்புகிற அந்தப் பையன் தன் மனதைச் சொல்ல இது நேரமல்ல என்று சும்மா இருக்கிறான்.

யுகிட்டோவுக்கு வேறொருவரைப் பிடிக்கும். யுவேயின் மாற்று உருவமான அவன் மந்திர சக்தி வற்றி மறைந்துபோகும் நிலையில், டோயா தன் சக்தி முழுவதையும் கொடுத்துவிடுகிறான். இறந்தவர்களைக் காணும் கண் அவனுக்குப் பிறவியிலேயே இருந்தது. கொடுத்தபின் அம்மாவையும் இனிக் காண முடியாது. அதைப் பெரிய தியாகமாக இசை போட்டுக் கொண்டாடாமல் கடந்துபோகிறார்கள்.

*

உறுத்தல் ஒன்று உண்டு. ஆசிரியரும் மாணவியும் காதல் கொள்வதை க்ளாம்ப் மென்மையாகவே வரைகிறார்கள். நதேஷிகோ தன் ஆசிரியரைப் பதினாறு வயதில் மணந்தவர். மாங்காவில் சகுராவின் வகுப்புத் தோழிக்கே ஓர் ஆசிரியர் மோதிரம் தருகிறார். எல்லா அன்பும் ஒன்றே என்ற கொள்கை இங்கே வழுக்கி விழுகிறது. அனிமே இதை மங்கலாக்கியது நல்லதே.

*

2000-இல் நெல்வானா என்ற கனடா நிறுவனம் இதை 'கார்ட்கேப்டர்ஸ்' என்று மாற்றியது. அமெரிக்க ஒளிபரப்பு எட்டாம் பகுதியிலிருந்து தொடங்கியது. அதில்தான் ஷியாவோலாங் வருகிறான், பையன்கள் பார்ப்பார்கள் என்ற கணக்கு. எழுபதில் 39 பகுதிகளே அங்கு ஓடின. இசை மாறியது, பெயர்கள் மாறின, டோயாவுக்கும் யுகிட்டோவுக்கும் இடையிலான நெருக்கம் காணாமல் போனது. சீட்டுகளும் சண்டைகளும் மிஞ்சின. கெரோ எச்சரித்த பேரிடர் அந்தப் பதிப்பில் நிஜமாகவே நடந்துவிட்டது.

*

2000-இல் வந்த இரண்டாம் திரைப்படத்தில் ஒரு மறைந்த சீட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. அதை அடக்க ஒருவர் தம் மிக முக்கியமான உணர்வை விலையாகக் கொடுக்க வேண்டும். பின்னால் தன் மனதைச் சொல்லிவிட்ட ஷியாவோலாங்குக்கு, தொடரில் நாள் தள்ளிக்கொண்டே போன பதிலைச் சகுரா சொல்வதும் இந்தப் படத்தில்தான், இடிந்த படிக்கட்டின் இடைவெளிக்கு இப்பால் நின்று. தொடரின் உண்மையான இறுதிப் பகுதி இதுவே. 2016-இல் தொடங்கிய 'க்ளியர் கார்ட்' மாங்காவும் 2018-இல் வந்த அதன் 22 பகுதி அனிமேயும் அழகானவை, ஆனால் பழைய நிதானம் இல்லை.

பார்ப்பதாக இருந்தால் ஜப்பானிய ஒலியோடு, முதல் பகுதியிலிருந்து பாருங்கள். சீட்டே வராமல் சமையலும் பள்ளி நாடகமுமாகப் போகும் இடங்களைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.