நான்காம் மாடியும் நம்பிக்கையற்றவனும்

எண்ணுக்கு இயல்பிலேயே நன்மை தீமை உண்டோ என்னும் வினாவுக்குச் சீனரது வழக்கம் தருகின்ற விடை சற்று விசித்திரமானது. அவர்கள் நான்கினை அஞ்சுவது அதன் அளவினாலன்று, ஓசையினாலாகும். நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் சீனமொழியில் ஒரே அசையாய் ஒலிப்பன. குரலின் ஏற்ற இறக்கமொன்றே அவற்றைப் பிரிக்கின்றது. எழுத்திலோ அவை முற்றிலும் வேறானவை. எட்டு என்னும் சொல் செழித்தலைக் குறிக்கும் சொல்லை ஓசையில் நெருங்குவதாலும், ஒன்பது நெடிது நிலைத்தலைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதாலும் விரும்பப்படுகின்றன. சுடுகாட்டை நன்காடு என வழங்குவதை மங்கலம் என்று தகுதிவழக்கினுள் அடக்கிய இலக்கணத்தைக் கற்றோர் இதனை எள்ளி நகையாடுதல் பொருந்தாது.

நான்கு என்றுமே இழிந்த எண்ணாய் இருந்ததுமன்று. திசையும் பருவமும் நான்கு. கன்பூசியக் கல்விக்கு அடிப்படையாய் அமைந்த நூல்களும் நான்கே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சுங் என்னும் சிந்தனையாளர் தமது 'லுன்ஹெங்' என்ற நூலில் நாள் பார்த்தல் முதலிய விலக்குகளைக் கடிந்தெழுதினார். ஆகவே, மறுப்புக்குரல் சீனத்துக்கு மேனாட்டார் கொண்டுவந்து கொடுத்த ஒன்றன்று.

இத்தனை நூற்றாண்டுகள் மறுத்தும் வழக்கம் அழியாததேன்? நம்பிக்கை வலிதாயிருப்பதே காரணம் என்பது எளிய விடை. அது போதாது. 2003ஆம் ஆண்டு சிச்சுவான் விமான நிறுவனம் எட்டு எட்டுக்களாலான தொலைபேசி இலக்கமொன்றை 23 இலட்சத்து 30 ஆயிரம் யுவான் கொடுத்து வாங்கியது. அதனை வாங்கியோர் எட்டின் ஆற்றலை நம்பியிருக்க வேண்டியதில்லை. பயணிகள் நம்புவர் என்று கருதினாற் போதும். ஹொங்கொங்கில் நான்காம் மாடியில் வீடு வாங்கத் தயங்குபவனும் அவ்வாறே. தனக்கு அச்சமில்லை என்பான். ஆனால், நாளை விற்க நேரின் வாங்க வருபவன் அஞ்சுவானே என்பான். அவ்வாறு வருபவனும் தனக்கடுத்தவனையே சுட்டுவான். ஒருவருமே நம்பாத ஊரிலும், பிறர் நம்புகின்றனர் என ஒவ்வொருவரும் எண்ணுமளவும், நான்காம் மாடியின் விலை குறைந்தேயிருக்கும். இங்கு மூடநம்பிக்கைக்கு உயிரளிப்பவன் நம்புகின்றவனல்லன். நம்பாதிருந்தும் இணங்குகின்ற அறிவாளியே.

அவன் குற்றவாளியா? தன் பொருளைக் காப்பவனைப் பெரிதும் பழித்தற்கில்லை. பிறரது அச்சத்தையும் ஆசையையும் விலையாக்குபவன் நிலை வேறு. 2009ஆம் ஆண்டில் ஹொங்கொங்கின் கொண்டுயிற் வீதித் தொடர்மாடியொன்று பெரும் பேச்சுக்கு இடமாயிற்று. அதில் இருந்தவை 46 மாடிகளே. உச்சிமாடியோ 88 என இலக்கமிடப்பட்டது. கனடாவின் வன்கூவர் நகரம் 2015இல் இத்தகைய இலக்கத் தாவல்களைத் தடைசெய்தது. தீயணைப்போர் மாடிகளைப் பிழையின்றி எண்ணியறிய வேண்டும் என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். அலங்காரப் பொய்யின் செலவு, அதனால் ஊதியம் பெறாத ஒருவன் தலையில் விழக்கூடும் என்பதை நகராட்சி உணர்ந்தது.

இனி, அச்சமே கொல்லுமாயின்? டேவிட் பிலிப்ஸ் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும், 1973 முதல் 1998 வரையிலான அமெரிக்க இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, அங்கு வாழ்ந்த சீனரிடையேயும் ஜப்பானியரிடையேயும் இதயநோய் இறப்புக்கள் மாதத்தின் 4ஆந் திகதியில் மிகுந்திருந்தன என 2001இல் வெளியிட்டனர். பின்வந்தோர் அவரது முறையைக் குறைகூறினர். ஹொங்கொங் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தோர் அத்தகைய மிகுதியைக் காணவில்லை. முடிவு ஐயத்துக்குரியது, எனினும் அது எழுப்பும் வினா ஐயத்துக்குரியதன்று.

நான்காம் இலக்க அறையில் தங்க மறுக்கும் நோயாளியான மூதாட்டிக்கு வேறறை ஒதுக்கும் தாதி பொய்யேதும் சொல்லவில்லை, ஊதியமேதும் பெறவில்லை. நடுங்கும் நெஞ்சுக்கு அவ்வேளையில் தருக்கம் மருந்தாகாது என்பதை அவள் அறிவாள். அவளைக் கட்டட வணிகனோடு ஒருங்கு வைத்தெண்ணுதல் அநீதி. வேறறைகள் யாவும் நிரம்பியிருக்கும் இரவில், அந்த ஓரறைக்காக மற்றொரு நோயாளியைப் பெயர்க்க வேண்டுமாயின், அவள் என் செய்வாள்?