பரிசும் பண்பும்

கீழே கிடந்த நாணயத்தை எடுத்துத் தாயிடம் கொடுக்கிறது ஒரு குழந்தை. தாய் மகிழ்ந்து அதற்கு ஒரு மிட்டாய் தருகிறாள். மறுவாரம் இன்னொரு நாணயம் கிடைக்கிறது. அதையும் கொண்டுவந்து தருகிறது. தந்தபின் நகராமல் நிற்கிறது. அதன் கண்கள் அலமாரியிலுள்ள மிட்டாய்ப் புட்டியின் மீது பதிந்திருக்கின்றன. அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது நேர்மையையா, மிட்டாய் பெறும் வழியையா? புட்டி காலியாகும் நாளில்தான் அது தெரியவரும்.

இக்கேள்வி மிகப் பழமையானது. சுவர்க்கத்தை விரும்பிச் செய்த தானமும், நரகத்திற்கு அஞ்சிக் கைவிட்ட பாவமும் ஒருவனை உண்மையிலேயே உயர்த்துமா என்று சிந்தித்த மரபு நம்முடையது. பலனில் பற்று வையாமல் கடமையைச் செய்யுமாறு பகவத் கீதை வற்புறுத்துவதன் பின்னணியிலும் இச்சிந்தனையே நிற்கிறது. சென்ற நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வி வேறொரு வடிவில் ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்து, நாய்கள், பூனைகள், புறாக்கள், குழந்தைகள் ஆகியோரிடம் விடை தேடியது. கிடைத்த விடைகளுள் சில மனிதனின் செருக்கை அடக்குபவை. சில, ஆராய்ந்தவர்களே எதிர்பாராதவை.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் மனத்தை ஆராயப் புறப்பட்டவரல்லர். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாயில் படுவதற்கு முன்பே, உணவு கொண்டுவரும் பணியாளின் வருகையை உணர்ந்ததுமே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பது அவருடைய ஆராய்ச்சிக்கு முதலில் ஓர் இடையூறாகவே இருந்தது. அந்த இடையூற்றையே அவர் ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார். தாளமானியை ஒலிக்கச் செய்து உணவளித்தார். பலமுறை இவ்வாறு நிகழ்ந்தபின் தாளமானியின் ஒலி மட்டுமே உமிழ்நீரைச் சுரக்கச் செய்தது. மனவியல் நூல்கள் ஆக்கநிலையுறுத்தல் என்று குறிப்பிடுவது இதனையே.

இதற்கடுத்து அவர் கண்டது இன்னும் ஆழமானது. உணவு தராமல் ஒலியை மட்டும் மீண்டும் மீண்டும் எழுப்பினால் சுரப்பு படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். பழக்கம் அழிந்துவிட்டது என்று தோன்றும். நாய்க்குச் சற்று ஓய்வு தந்து மறுபடி ஒலியை எழுப்பினால் உமிழ்நீர் திரும்பவும் சுரக்கும்! பழையது அழிவதில்லை, அதன்மேல் புதிய கல்வியொன்று படிகிறது என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர்களின் பொதுவான கருத்து. இடம் மாறினாலும், காலம் கடந்தாலும் அடியிலிருப்பது மேலே வரக்கூடும். ‘வாசனை’ என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. பாத்திரத்தைக் கழுவிய பின்னும் பெருங்காயத்தின் மணம் அதில் தங்கியிருப்பதை அறியாதவர் யார்? ஆண்டுக்கணக்கில் குடியை விட்டிருந்தவர் பழைய தெருவுக்கு, பழைய நண்பர்களிடையே சென்ற ஒரு மாலையில் தடுமாறுவதைக் கண்டு, ‘இவருக்கு மனவுறுதி இல்லை’ என்று எளிதில் தீர்ப்புக் கூறுவோர் இச்சோதனையை நினைவிற்கொள்வது நல்லது.

பாவ்லோவ் ஆராய்ந்தவை தாமாக எழும் எதிர்வினைகள். விரும்பிச் செய்யும் செயல்களை ஆராய்ந்தவர் அமெரிக்கரான எட்வர்ட் தார்ன்டைக். பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து வெளியே உணவை வைத்தார். பூனைகள் பிறாண்டின, கடித்தன, முட்டின. தற்செயலாகத் தாழைத் தட்டியபோது கதவு திறந்தது. அடுத்தடுத்த முறைகளில் வெளியேறும் நேரம் சிறிது சிறிதாகக் குறைந்ததேயன்றி, ‘புரிந்துகொண்டேன்’ என்பதுபோல் ஒரே பாய்ச்சலில் குறையவில்லை. இன்பம் தரும் விளைவு செயலைப் பதியச் செய்கிறது என்று 1898-இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. இதை மேலும் விரிவாக வளர்த்தவர் பி. எஃப். ஸ்கின்னர். செயலைத் தொடர்ந்து வந்து அச்செயலை மீண்டும் நிகழச் செய்யும் எதுவும் வலுவூட்டல் ஆகும்.

ஸ்கின்னர் 1948-இல் வெளியிட்ட சிறிய ஆய்வுக் கட்டுரை ஒன்று சமயப் பற்றுடையோர் அமைதியாக அமர்ந்து எண்ணிப் பார்க்கத் தக்கது. பசித்த புறாக்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் உணவு தானாகவே வந்து விழுமாறு ஏற்பாடு செய்தார். புறா என்ன செய்தாலும், எதுவும் செய்யாதிருந்தாலும் உணவு வரும். ஆயினும் எட்டுப் புறாக்களில் ஆறு, தத்தமக்கென ஒரு விசித்திரச் சடங்கை வளர்த்துக் கொண்டன. ஒன்று கூண்டுக்குள் இடப்புறமாகச் சுற்றியது. ஒன்று மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டியது. உணவு வந்த கணத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்தனவோ, அதுவே உணவை வரவழைத்ததுபோல் அவை நடந்துகொண்டன. பிற்கால ஆய்வாளர் சிலர் இவ்விளக்கத்தை மறுத்து, அவ்வசைவுகளுள் பல உணவை எதிர்நோக்கும் புறாக்களுக்கு இயல்பானவையே என்றனர். எனினும் தேர்வில் வென்ற நாளில் அணிந்த சட்டையையே அடுத்த தேர்வுக்கும் தேடும் மாணவனைக் கண்டவர்கள் ஸ்கின்னரின் விளக்கத்தை முற்றிலும் ஒதுக்கிவிட மாட்டார்கள். ‘இன்ன வேண்டுதலால் இன்ன பலன் கிடைத்தது’ என்று கணக்கிடும் பக்தியும் இதே பள்ளத்தில் விழக்கூடியது.

இல்லறத்தாருக்கு மிகவும் பயன்படுவது வேறொரு கண்டுபிடிப்பு. ஒவ்வொரு முறையும் பரிசு கிடைக்கும் செயல், பரிசு நின்றால் விரைவில் நின்றுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி, சில வேளை மட்டும் பரிசு கிடைக்கும் செயலோ எளிதில் நிற்பதில்லை. கடைவீதியில் பொம்மை கேட்டு அழும் குழந்தைக்கு மூன்று நாள் மறுத்துவிட்டு, நான்காம் நாள் பிறர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு வாங்கித் தரும் பெற்றோர், தாம் மூன்று நாள் கண்டிப்பாக இருந்ததாக நினைக்கிறார்கள். குழந்தை கற்றதோ, நான்கு நாள் அழவேண்டும் என்பதை. தவிரவும், வழக்கமான பலன் கிட்டாதபோது செயல் ஓய்வதற்குமுன் ஒருமுறை உரத்து வெடிப்பதும் உண்டு. அழுகை உச்சத்தை எட்டும் அந்த வேளையில்தான் பெரும்பாலோர் இணங்கிவிடுகிறார்கள். சூதாட்ட இயந்திரத்தின் முன் மனிதனை இரவெல்லாம் அமர்த்தி வைப்பதும், கைபேசித் திரையை விரலால் இழுத்திழுத்துப் பார்க்க வைப்பதும் இதே விதிதான். அடுத்த இழுப்பில் ஏதாவது வரலாம், வராமலும் போகலாம்.

அச்சமும் இவ்வாறே கற்பிக்கப்படுகிறது. ஜான் வாட்சனும் ரோசாலி ரேனரும் 1920-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். விரைவில் குழந்தை எலியைக் கண்டே அழுதது. முயலையும் ரோம ஆடையையும் கண்டு மிரண்டது. அவ்வச்சத்தைப் போக்காமலேயே குழந்தை அங்கிருந்து அனுப்பப்பட்டது. அறிவைப் பெறுவதற்காக ஒரு சிசுவிடம் இவ்வாறு நடந்துகொண்டது எவ்வகையிலும் நியாயமாகாது. அதற்குச் சற்று ஆறுதலாக அமைந்தது மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் வெளியிட்ட ஆய்வு. முயலுக்கு அஞ்சிய சிறுவனுக்கு விருப்பமான உணவைத் தந்து, முயலை நாள்தோறும் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். அச்சத்தைப் பழக்கியது எதுவோ, அதே விதி அன்பையும் பழக்கியது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. பிரம்புக்கு அஞ்சிப் படித்த பிள்ளை பாடத்தோடு பாடத்தின்மீது வெறுப்பையும் சேர்த்தே கற்கிறது என்பதைப் பழைய மாணவர் பலர் தம் கணக்குப் புத்தகத்தை நினைத்து ஒப்புக்கொள்வர்.

இப்போது அறக்கேள்விக்கு வருவோம். மனிதனின் நடத்தை முழுவதும் இவ்வாறு வெளியிலிருந்து வார்க்கப்படுவதாயின், நல்லவனைப் புகழவும் தீயவனை இகழவும் என்ன இருக்கிறது? ஸ்கின்னர் 1971-இல் வெளியிட்ட நூலில் அஞ்சாமல் அம்முடிவுக்கே வந்தார். சுதந்திரம், மாண்பு என்பன பழைய மயக்கங்கள். உள்ளே தனித்து நின்று தீர்மானிக்கும் மனிதன் என்று ஒருவன் இல்லை. சூழலைச் செம்மையாக அமைத்தால் நடத்தை செம்மையாகும் என்பது அவர் வாதம். இதை எள்ளி நகையாடுவது எளிது. அவர் தொகுத்த சான்றுகளை மறுப்பது அவ்வளவு எளிதன்று. ஆயினும் பரிசும் தண்டனையும் நடத்தையை மட்டும்தான் மாற்றுகின்றனவா, நடத்தையின் பொருளையும் மாற்றிவிடுகின்றனவா என்று கேட்ட பிற்கால ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வந்தனர். ஆசிரியை ஒருவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொருளியல் அறிஞர்களான உரி நீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் பத்துக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, ஆறில் மட்டும் தாமதத்திற்குப் பத்து ஷேக்கல் அபராதம் விதிக்கச் செய்தனர். தண்டனை வந்தால் குற்றம் குறையும் என்பதுதானே எவரும் எதிர்பார்ப்பது? தாமதமாக வருவோர் தொகை கூடிக்கொண்டே போய் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதுவரை ‘ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே’ என்ற கூச்சம் அவர்களை விரைந்து வரச் செய்தது. அபராதம் அக்கூச்சத்திற்கு ஒரு விலை குறித்துவிட்டது. பணம் செலுத்தியாயிற்று; இனி வெட்கம் எதற்கு? சில வாரங்கள் கழித்து அபராதத்தை நீக்கியும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 2000-இல் வெளியான இவ்வாய்வு, ஒருமுறை விலைபேசப்பட்ட கடமை விலையை நீக்கினாலும் உடனே கடமையாக மாறிவிடாது என்பதைக் காட்டுகிறது.

பரிசின் கதையும் இதற்கு வேறானதன்று. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு, வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லப்பட்டது. இரண்டாவது குழு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றது. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின் பேனாக்களை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் பாதியளவு நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் சற்றும் குன்றவில்லை. பரிசு ஒன்றே, எதிர்பார்ப்பு அதை இரண்டாக்கிவிட்டது. பலனும் பலனில் வைத்த பற்றும் வேறு வேறு என்பதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. விருப்பமில்லாத வேலைக்குத் தொடக்கத்தில் ஊக்கப் பொருள் உதவும் என்பதையும், ஆர்வம் கெடுவது பெரும்பாலும் முன்பே ஆர்வமுள்ள செயல்களில்தான் என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். படிக்க மறுக்கும் பிள்ளையை முதல் வாரம் மிட்டாய் காட்டி அழைப்பது பாவமன்று. பிள்ளை கதையில் மூழ்கியபின்னும் மிட்டாயைக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் கேடு.

ஸ்கின்னரின் வாழ்க்கையும் இங்கு ஒரு சாட்சி. அவர் தம் எழுத்து நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, வரைபடத்தில் குறித்து வந்தார். புறாவுக்குச் செய்த ஏற்பாட்டைத் தமக்கும் செய்துகொண்டார். உள்ளே எவரும் இல்லையென்றால் இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார்? ‘அவ்வாறு செய்வதும் சூழல் எனக்குக் கற்பித்ததே’ என்பது அவர் விடையாக இருக்கும். தன்னடக்கத்தைப் பற்றி 1953-ஆம் ஆண்டின் நூலிலேயே அவர் அப்படித்தான் விளக்கினார். இவ்வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆனால் புறா தன் கூண்டை மாற்றியமைத்ததில்லை என்பது மட்டும் உறுதி. மனம் அடங்காதது என்று முறையிட்ட அர்ஜுனனுக்குக் கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறும் வழியில் அப்யாசம், வைராக்கியம் என இரண்டு உள்ளன. முதலாவது, பழக்கத்தின் வல்லமையை முழுதும் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது, மிட்டாய்ப் புட்டியிலிருந்து கண்களைத் திருப்புகிறது.

மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. இன்று மனம் ஒப்பிச் செய்ய இயலாத சோதனை அது. தம் முயற்சியால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர் ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்துவிட்டன. செயலற்றிருப்பதை அவை கற்றுவிட்டன என்று அப்போது விளக்கினர். அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆராய்ச்சியின் துணைகொண்டு அவ்விளக்கத்தைத் தாமே திருத்தினர்: நெடிய துன்பத்தில் செயலற்றுப் போவது உயிரின் இயல்பான எதிர்வினை, கற்கவேண்டியது, ‘என் முயற்சியால் ஏதேனும் ஆகும்’ என்பதைத்தான். முந்தைய ஆய்வுகளிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருந்தது. படுத்துவிட்ட நாய்களுக்கு உணவைக் காட்டியும் பயனில்லை, அழைத்தும் பயனில்லை. கழுத்துவாரைப் பிடித்துத் தடுப்பின் மறுபக்கம் இழுத்துச் செல்லவேண்டியிருந்தது. பலமுறை இழுத்தார்கள். போகப் போக இழுக்கும் விசை குறைவாகவே தேவைப்பட்டது. பின்னர் வார் தளர்ந்தது. அதன்பின் நாய்கள் தாமாகவே தாண்டின.