எலுமிச்சம்பழத்தில் இரத்தம்

ஏற்காட்டு ஏரிக்கரையில், கோடைவிழாக் கூட்டத்தின் நடுவே, செப்படி வித்தைக்காரர் ஒருவர் மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். ஒன்றில் வைத்த பந்து மற்றொன்றில் இருந்தது. மூன்றாவதைத் தூக்கினால் எலுமிச்சம்பழம்! சிறுவர் ஆர்ப்பரித்தனர். "எல்லாம் கைவேகம் ஐயா, வயிற்றுக்காக!" என்று அவரே கூறித் துண்டை விரித்தார். சில்லறை விழுந்தது.

அன்று மாலையே, சேர்வராயன் மலைச்சரிவில், சிற்றூர் ஒன்றின் திண்ணையில் மற்றொருவரைக் கண்டேன். அவர் கையிலும் எலுமிச்சம்பழந்தான். எதிரே, காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு தாய். கத்தி பழத்தில் இறங்கிற்று, சிவப்பாகச் சொட்டிற்று. "கண்டாயா, ஏவல் வெளியேறுகிறது! இன்னும் இரண்டு நாள் பூசை" என்றார் மந்திரவாதி. தாய் நடுங்கினாள். இங்கே விழுந்தது சில்லறையன்று, நோட்டு.

செம்பருத்தி இதழைக் கத்தியில் அழுந்தத் தேய்த்து உலரவிட்டுப் பழத்தை அறுத்தால், இதழின் சாயம் புளிப்புப் பட்டுச் சிவக்கும். ஏவலும் இல்லை, இரத்தமும் இல்லை. இதைச் சொல்லி, "மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் அம்மா" என்றேன். மந்திரவாதி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனையா என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்?"

கேள்வி என்னை உறுத்தியது. ஒருவன் தொழில் இரகசியத்தை உடைப்பது அறமா?

நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்வி ஒருவரை உறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் கென்ட் நாட்டுப்புறத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் அவர். 1574-இல் அவர் எழுதிய நூல், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடியை வளர்ப்பது பற்றியது. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றுவது போல, அங்கே அதைக் கழியில் ஏற்றுவர். கொடி வளர்ப்பை எழுதிய அந்தக் கை, 1584-இல் 'சூனியத்தின் கண்டுபிடிப்பு' என்ற பெருநூலை எழுதியது. அண்டை வீட்டு மாட்டுக்குப் பால் வற்றினாலும், பிள்ளை இறந்தாலும், சூனியக்காரி என்று ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிட்ட காலம் அது! பேய் செய்வதாகச் சொன்னவற்றைத் தெருவித்தைக்காரன் கையால் செய்வதைக் காட்டினார் ஸ்காட். பந்து, நாணயம், சீட்டு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். மூக்கை அறுப்பதாகக் காட்டும் கத்தி நடுவே பிறைபோல் வெட்டப்பட்டிருப்பதைப் படம் போட்டே காட்டினார். ஆங்கிலத்தில் வித்தை கற்பிக்கும் ஆதி நூல்களுள் ஒன்றென அதைப் போற்றுகின்றனர். எழுதியவர் நோக்கமோ கழுத்துகளைக் காப்பது. ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1597-இல் தாமே சூனியத்தைப் பற்றி நூலெழுதி, ஸ்காட்டைப் பெயர் சுட்டிக் கண்டித்தார். மன்னருக்குப் பேய் தேவைப்பட்டது போலும்!

அந்த ஸ்காட், வித்தையை விளக்கப் புகுமுன் ஓரிடத்தில் வருந்துகிறார்: இதனால் பிழைக்கும் ஏழைகளுக்கு என்னால் இடையூறு நேருகிறதே என்று. கிழவிகளுக்காக அரசையும் மதகுருமாரையும் எதிர்த்தவர், தெருவித்தைக்காரனின் கஞ்சியையும் எண்ணிப் பார்த்தார்.

ஆனால் நடந்தது என்ன? வித்தைக்காரர் தொழில் அழியவில்லை. 1634-இல் வெளிவந்த வித்தை நூலும் பின்வந்த பலவும் ஸ்காட்டின் பக்கங்களிலிருந்தே எடுத்துக்கொண்டன. கிண்ணத்தின் சூட்சுமம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏரிக்கரையில் வாய் பிளந்து நின்றேன். அந்தக் கைவேகம் என் கைக்கு வருமா? இரகசியம் போனபின்னும் அவரிடம் கலை மிஞ்சுகிறது. 'இது ஏமாற்று' என்ற உண்மையையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். திண்ணைக்காரரிடம் செம்பருத்தியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது யாது? அவர் பிழைப்பு என்று சொன்னது, அந்தத் தாயின் அறியாமையை.

"இப்படி நூல் எழுதினால் வஞ்சகனும் படித்துக் கற்றுக்கொள்வானே" என்பாரும் உண்டு. கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் இதற்கு அஞ்சவில்லை. சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உருட்டி உலர்த்தி, விரலிடுக்கில் மறைத்து நொறுக்கினால் வெறுங்கையில் திருநீறு 'பிறக்கும்' என்பது போன்ற செய்முறைகளை 'சயன்ஸ் வெர்சஸ் மிராகிள்ஸ்' என்று நூலாக்கி, 2009-இல் மறையும்வரை ஊர் ஊராகச் செய்தும் காட்டினார். வஞ்சகன் இதை எந்த நூலிலும் படிக்க வேண்டியதில்லை. அவனுக்கு முன்பே தெரியும். தெரியாதவள் தாய்தான். புனே நகரில் நரேந்திர தபோல்கர் 2013-இல் சுட்டுக் கொல்லப்பட்டதை எண்ணிப் பாருங்கள். இத்தகைய இரகசியங்களை உடைத்து வந்தவர் அவர்.

அன்றிரவு குழந்தையின் மாமன் ஜீப் ஒன்றைப் பிடித்து வந்து, தாயையும் பிள்ளையையும் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றான். தாய் ஏறும்போதும் மந்திரவாதி கொடுத்த கயிற்றை அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

மறுநாள் ஏரிக்கரை வித்தைக்காரரிடம், எழுதப்போகிறேன் என்றேன். சற்று எண்ணிவிட்டு, "பழத்தை எழுதுங்க ஐயா, கிண்ணத்தை மட்டும் விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.